மஞ்சப்பையைத் திறந்து பாருங்கள்: வார்டுக்குப் புதிதாக வரும் கிளினிகல் பார்மசிஸ்டுக்கு

ஃபார்ம்.டி (மருந்தாளுநரை வார்டு வேலைக்கும் தயார்படுத்தும் பட்டப்படிப்பு) முடித்து முதல் முறையாக வார்டுக்குள் வந்து நிற்கிறவர்களிடம் ஒரு தவிப்பைப் பார்க்கிறேன். டாக்டர் கையில் ஸ்டெதஸ்கோப் இருக்கிறது, சிஸ்டர் கையில் ஊசித் தட்டு இருக்கிறது, நான் எங்கே நிற்பது, என்ன செய்வது என்ற தவிப்பு. எனக்கும் அது இருந்தது. நம் நாட்டில் ஃபார்ம்.டி படிப்புக்கான விதிகள் 2008-ல்தான் வந்தன. மருந்தாளுநர் வார்டில் நிற்பது பல ஊர்களில் இன்னும் புதுப் பழக்கம். கீழே மருந்துக் கவுன்ட்டரில் இருக்க வேண்டியவருக்கு இங்கே என்ன வேலை என்று நோயாளியின் வீட்டார் கேட்பார்கள். சில டாக்டர்களும் கேட்பார்கள்.

என் பதில் இது. படுக்கையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மூன்று மருந்துப் பட்டியல் இருக்கிறது. டாக்டர் எழுதியது ஒன்று, சிஸ்டர் கொடுத்தது ஒன்று, நோயாளி உண்மையில் விழுங்குவது ஒன்று. மூன்றும் ஒத்துப்போகும் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நம் வேலை. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் யாரைப் பார்ப்பது

ரவுண்ட்ஸ் 9 மணிக்கு என்றால் 8 மணிக்கே வார்டில் இருங்கள். 30 படுக்கை உள்ள மெடிக்கல் வார்டில் எல்லாரையும் ஒரே ஆழத்தில் பார்க்க முடியாது. முயன்றால் யாரையும் ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நேற்று ராத்திரி அட்மிட் ஆனவர்கள், ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாறியவர்கள், இன்று வீட்டுக்குப் போகிறவர்கள், இவர்களை முதலில் எடுங்கள். ஆள் இடம் மாறும்போதுதான் ஒரு மருந்து விட்டுப்போகிறது, அல்லது இரட்டிப்பாகிறது. அப்புறம் கிட்னி, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள். கடைசியாக, மருந்தை வைத்து ஆளைத் தேடுங்கள்: இன்சுலின், ஹெப்பாரின், வார்ஃபரின், டிகாக்சின், ஃபெனிட்டாயின், மெத்தோட்ரெக்சேட், மார்ஃபின் வகை வலி மருந்துகள், நரம்பில் போகும் பொட்டாசியம். இவற்றில் சின்னத் தவறும் பெரிய சேதம் செய்யும். இந்தப் பட்டியல் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

பையைத் திறப்பது

"வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் "பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ரெண்டு, கேஸ் மாத்திரை ஒண்ணு" என்று பதில் வரும். கேஸ் ஷீட்டிலும் அது அப்படியே ஏறியிருக்கும். அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

பையைக் கேளுங்கள். நம் ஊரில் மாத்திரைக்கென்று ஒரு பை எல்லா வீட்டிலும் இருக்கிறது. மஞ்சப்பையோ, ஜவுளிக்கடைப் பையோ, பழைய ஸ்வீட் டப்பாவோ. கொண்டு வரவில்லை என்றால் மகனிடம் சொல்லி மதியத்துக்குள் எடுத்து வரச் சொல்லுங்கள், அல்லது வீட்டில் இருப்பவரை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் படுக்கை ஓரத்தில் ஒரு செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் கொட்டுங்கள். அவர்கள் கண் முன்னாலேயே செய்யுங்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன வரும் என்று சொல்கிறேன். கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டுகள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்ட பக்கத்தோடு போயிருக்கும். காகிதத்தில் மடித்த உதிரி மாத்திரைகள். நாலாக மடித்து ஓரம் கிழிந்த பழைய டிஸ்சார்ஜ் சம்மரி. பாதி தீர்ந்த ஆன்டிபயாடிக். பக்கத்து வீட்டு அக்கா "எனக்கு நல்லாக் கேட்டுது" என்று கொடுத்த மூட்டுவலி மாத்திரை.

மயங்கிக் குளியலறையில் விழுந்து அட்மிட் ஆன 68 வயது அம்மா ஒருவரின் பையை இப்படிக் கொட்டினோம். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த ஆம்லோடிபைன் 5 மி.கி. அட்டை ஒன்று இருந்தது. தனியார் கிளினிக்கில் எழுதிய கூட்டு மாத்திரை ஒன்றும் இருந்தது. அதன் முன்பக்கம் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருந்தது. பின்பக்கம் சின்ன எழுத்தில் டெல்மிசார்டன் 40, ஆம்லோடிபைன் 5 என்று இருந்தது. ஒன்று வெள்ளை, ஒன்று இரண்டு நிறம். அந்த அம்மாவைப் பொறுத்தவரை அவை வேறு வேறு மருந்துகள். ஒன்று "கவர்மென்ட் பிரஷர் மாத்திரை", மற்றது "டாக்டரம்மா எழுதின மாத்திரை". இரண்டையும் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டிருந்தார். எழுந்து நிற்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தபோது 96/60.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தால் மாத்திரையே பார்க்காமல் இருந்த எத்தனையோ பேருக்கு இன்று வீடு தேடி மருந்து வருகிறது. ஆனால் அரசு மருந்து ஜெனரிக் பெயரில் வரும், தனியார் மருந்து பிராண்ட் பெயரில் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும். அதனால் எந்த அட்டையானாலும் பின்பக்கத்தைத் திருப்பி, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் மி.கி.யையும் மட்டும் உங்கள் தாளில் எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் போதும், முதல் மாதத்திலேயே நாலைந்து இரட்டிப்புகளைப் பிடித்துவிடுவீர்கள்.

இனிக் கேள்விகள். "ஒழுங்கா மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்காதீர்கள். ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் வராது. காலையில் எழுந்ததிலிருந்து நாளைச் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க, டீக்கு முன்னாடி ஏதாவது போடுவீங்களா, டிபன் எத்தனை மணிக்கு, ராத்திரி படுக்கும்போது என்ன என்று நாளோடு போங்கள். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று, விட்டுப்போவது சகஜம் என்ற தொனியில் கேளுங்கள். மெடிக்கல் ஷாப் பில் பையில் இருந்தால் தேதியைப் பார்த்து மிச்ச மாத்திரையை எண்ணுங்கள். 20 நாளுக்கு முன் வாங்கிய 30 மாத்திரையில் 24 மிச்சம் இருந்தால், "மருந்து கேட்கவில்லை" என்று டோஸை ஏற்றுவதற்கு முன் டாக்டருக்கு அது தெரிய வேண்டும்.

மாத்திரை என்று மக்கள் நினைக்காததையும் கேட்க வேண்டும்: கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், மாதம் ஒரு முறை போடும் ஊசி, கருத்தடை மாத்திரை, தடவும் களிம்பு. நாட்டு மருந்தைக் கட்டாயம் கேளுங்கள், ஆனால் முகம் சுளிக்காமல். சர்க்கரைக்குச் சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். அதற்குச் சர்க்கரையை இறக்கும் தன்மை உண்டு. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துபோகலாம். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள், நமக்குத் தெரியாமல் நடக்கும். செவ்வாய், வெள்ளி விரதம், நோன்பு, மாலை போட்டிருப்பது, இதையும் கேளுங்கள். சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் விடாமல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"எனக்கு ஊசி ஒத்துக்காது" என்றால் அதோடு விடாதீர்கள். எந்த ஊசி, போட்டு எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது, தடிப்பா, மூச்சுத் திணறலா, முகம் வீங்கியதா, வெறும் வாந்தியா என்று கேட்டு எழுதுங்கள். வாந்தி வந்ததை எல்லாம் அலர்ஜி என்று எழுதினால், நாளைக்கு அந்த மருந்து உயிர் காக்கத் தேவைப்படும்போது கொடுக்கத் தயங்குவார்கள்.

சார்ட்டைப் படிப்பது

இப்போது உங்கள் பட்டியலை ட்ரக் சார்ட்டோடு, அதாவது வார்டில் எந்த மருந்து எப்போது என்று எழுதும் தாளோடு ஒப்பிடுங்கள். வீட்டில் சாப்பிட்டது இங்கே ஏன் இல்லை? வேண்டுமென்று நிறுத்தினார்களா, மறந்துவிட்டார்களா? இங்கே புதிதாக வந்தது எந்த நோய்க்கு? ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு காரணம் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். காரணம் இல்லாத மருந்து ஒன்றாவது கிடைக்கும், பெரும்பாலும் அது வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலாக இருக்கும்.

கையெழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். யூனிட் என்பதை U என்று ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எழுதினால் அது பூஜ்யமாகத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகும். .5 என்று எழுதினால் 5 ஆகும். முன்னால் பூஜ்யம் போட்டு 0.5 என்றே எழுத வேண்டும். பெயர்க் குழப்பமும் அப்படித்தான். டோபமினும் டோபுடமினும், ஹைட்ராலசினும் ஹைட்ராக்சிசினும் காதுக்கும் கண்ணுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகம் வந்தால் ஊகிக்காதீர்கள். எழுதியவரிடமே போய்க் கேளுங்கள்.

பாராசிட்டமாலைக் கூட்டிப் பார்ப்பதை நான் புதியவர்களுக்கு முதல் பயிற்சியாகக் கொடுப்பேன். காய்ச்சலுக்கு நரம்பில் 1 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. அது 3 கிராம். யாரோ டோலோ 650-ஐ மூன்று வேளை எழுதியிருப்பார்கள். அது கிட்டத்தட்ட 2 கிராம். வலிக்கு எலும்பு டாக்டர் அல்ட்ராசெட் எழுதியிருப்பார். டிராமடோலோடு அதிலும் பாராசிட்டமால் உண்டு. ஒரு நாளைக்கு 4 கிராம் என்ற உச்ச அளவை நல்ல உடம்புக்காரருக்கே தாண்டிவிட்டோம். படுத்திருப்பவர் 42 கிலோ என்றால் நரம்பில் போகும் ஒரு டோஸே கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 630 மி.கி.தான். எடை பார்க்காமல் எல்லாருக்கும் 1 கிராம் பாட்டிலை முழுதாக ஏற்றுவது வழக்கமாகிவிட்ட இடங்களில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லுங்கள்.

அடுத்தது கிட்னி. கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.5 என்று லேப் ரிப்போர்ட்டில் பார்த்தால் "கொஞ்சம்தான் கூட" என்று தோன்றும். 72 வயது, 45 கிலோ எடையுள்ள பாட்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரப்படி 140-லிருந்து வயதைக் கழித்தால் 68. அதை எடையால் பெருக்கினால் 3060. சூத்திரத்தில் உள்ள மாறாத எண்ணான 72-ஐ (இது வயது இல்லை) கிரியேட்டினினால் பெருக்கினால் 108. 3060-ஐ அதனால் வகுத்தால் 28.3. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க, நிமிடத்துக்கு 24 மி.லி. இதுதான் கிளியரன்ஸ், கிட்னி ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம். அவருக்குக் காலில் ரத்தக் கட்டி என்று ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஈனாக்சாபாரின் ஊசியைக் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதியிருந்தால், கிளியரன்ஸ் 30-க்குக் கீழே இருக்கும்போது அது ஒரு நாளைக்கு ஒரு முறையாக வேண்டும். மாற்றாவிட்டால் மருந்து உடம்பில் தேங்கி ரத்தக் கசிவில் கொண்டுபோய்விடும். வயதான, மெலிந்த உடம்பில் தசை குறைவு, அதனால் கிரியேட்டினின் உண்மையை மறைக்கும். வயதானவர் சார்ட்டைக் கணக்குப் போடாமல் கடக்காதீர்கள்.

மருந்தும் மருந்தும் மோதுவது பற்றி மொபைல் ஆப் நூறு எச்சரிக்கை காட்டும். அத்தனையையும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனால் நான்காம் நாள் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார். உண்மையில் ஆளைச் சாய்க்கும் சிலவற்றை மனதில் பதியவையுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு மெட்ரோனிடசோலோ, கோட்ரைமாக்சசோலோ, ஃபுளுகோனசோலோ சேர்ந்தால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) ஏறும். அதே ஆளுக்கு டிபி மாத்திரை தொடங்கினால், ரிஃபாம்பிசின் வார்ஃபரினைக் கரைத்துத் தள்ளி ஐ.என்.ஆர். இறங்கும், கருத்தடை மாத்திரைக்கும் அதே கதிதான். இதய நோயாளிக்கு ஸ்பைரனோலாக்டோனும் எனலாப்ரிலும் போகும்போது பொட்டாசியம் சிரப்பும் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும், மூன்றுமே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரெலோடு ஒமிபிரசோல் சாப்பிடுவார். ஒமிபிரசோல் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும், அங்கே பான்டோபிரசோல் நல்லது. எல்லா மோதலுக்கும் நிறுத்துவதுதான் தீர்வு என்றில்லை. ஐ.என்.ஆரை இரண்டு மூன்று நாள் முன்னதாகப் பார்க்கச் சொல்வதே போதுமான நேரங்கள் உண்டு.

சிஸ்டர் கை வழியாகப் போகிறவை

சார்ட்டில் சரியாக இருப்பது படுக்கையில் தவறாகப் போக முடியும். ஒரு வேளையாவது சிஸ்டரோடு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள். குற்றம் கண்டுபிடிக்கப் போகிறோம் என்ற எண்ணம் கூடாது. 30 பேருக்கு மருந்து கொடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை போன் அடிக்கிறது, எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தாலே தவறு எப்படி நேர்கிறது என்று புரியும்.

மூக்குக் குழாய் போட்டவருக்கு மாத்திரை நொறுக்குவதைக் கவனியுங்கள். மெதுவாகக் கரைவதற்கென்று செய்த மாத்திரையை நொறுக்கினால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். நிஃபெடிபைன் ரிடார்டாக இருந்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். பான்டோபிரசோலை நொறுக்கினால் மேல்பூச்சு போய் வயிற்று அமிலத்திலேயே சிதைந்துவிடும். மாற்று என்ன என்பதையும் கையோடு கொண்டுபோங்கள். "நொறுக்காதீங்க சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அவர் என்ன செய்வார்?

ஃபெனிட்டாயின் ஊசியை டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிந்துவிடும், நார்மல் சலைன்தான். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் வேகம் கூடாது. பொட்டாசியம் குளோரைடு 10 மி.லி. ஆம்பூலை நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். நன்றாகக் கலக்கி மெதுவாகத்தான் போக வேண்டும். அந்த ஆம்பூல்கள் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலுக்குப் பக்கத்தில் ஒரே தட்டில் கிடந்தால் அன்றே பிரித்து வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கலந்த பாட்டிலில் என்ன கலந்தது, எத்தனை மணிக்கு என்று லேபிள் இருக்கிறதா பாருங்கள்.

இன்சுலினுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். நம் நாட்டில் ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ள மருந்தும் இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. சிரிஞ்சும் இரண்டு. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. இரண்டையும் கையில் எடுத்து 20 என்ற கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சிவப்பு மூடி சிரிஞ்சில் அது அரை மி.லி. 100 வீரியத்தை அதில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். ராத்திரி 2 மணிக்குச் சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கிடப்பார். மாறாக 40 வீரியத்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது வெறும் 8 யூனிட். சர்க்கரை இறங்கவில்லை என்று மறுநாள் டோஸை ஏற்றுவார்கள். வீட்டிலிருந்து சிரிஞ்ச் கொண்டு வருகிறவர்களிடம் குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் இழுப்பதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள்.

டாக்டரிடம் சொல்வது

பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நோயாளிக்கு முன்னால் "சார், இது தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள். நகர்ந்து போய், நான்கு வாக்கியத்தில் முடியுங்கள்: யார், என்ன பார்த்தேன், அதனால் என்ன ஆகலாம், என்ன செய்யலாம். "சார், 14-ஆம் படுக்கைப் பாட்டிக்குக் கிளியரன்ஸ் 24 வருது. ஈனாக்சாபாரின் ரெண்டு வேளை போகுது. கசிவு வர வாய்ப்பு இருக்கு. ஒரு வேளையா மாத்திடலாமா?" அவ்வளவுதான். கணக்குப் போட்ட தாள் கையில் இருக்கட்டும்.

அவர் மறுத்தால் காரணம் கேளுங்கள். நமக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். காரணம் சரியில்லை, ஆபத்தும் பெரிது என்றால் விடாதீர்கள். அடுத்த டோஸைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு யூனிட் சீஃபிடம் போங்கள்.

எனக்கு ஒரு முறை அந்தத் துணிச்சல் இல்லாமல் போனது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் ஒருவரின் சார்ட்டில் அது தினமும் ஒன்று என்று இருந்தது. அது வாரத்துக்கு ஒரு முறை சாப்பிடும் மருந்து. நான் கேட்டபோது டூட்டியில் இருந்தவர் "அவர் வீட்டிலேயே அப்படித்தான் சாப்பிடுகிறாராம், பெரிய டாக்டர் எழுதியது" என்றார். சரி, பெரியவர்கள் எழுதியது என்று நானும் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அவரால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. உதட்டு ஓரத்திலிருந்து தொண்டை வரை புண். ரத்த அணுக்கள் எல்லா வகையிலும் சரிந்திருந்தன. மெத்தோட்ரெக்சேட்டின் நஞ்சை முறிக்கும் லூகோவோரின் போட்டு, தனி அறையில் வைத்து, இரண்டு வாரம் கழித்துத்தான் வீட்டுக்குப் போனார். அவருடைய பழைய சீட்டைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். "வாரம் ஒரு முறை" என்றுதான் இருந்தது. மெடிக்கல் ஷாப் கவரில் யாரோ 1-0-0 (காலை ஒன்று, மதியமும் இரவும் இல்லை) என்று எழுதியதை வீட்டில் தினமும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் முதல் நாளே அந்தச் சீட்டைக் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் ஒவ்வொருவரிடமும் "எந்தக் கிழமை?" என்று கேட்கிறேன். கிழமையைச் சொல்லத் தெரியாவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். சீட்டிலும் கிழமையைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்: மெத்தோட்ரெக்சேட் ஞாயிறு மட்டும், ஃபோலிக் ஆசிட் வேறு நாளில்.

வீட்டுக்கு அனுப்பும்போது

டிஸ்சார்ஜ் நேரம் அவசரமானது. ஆட்டோ வாசலில் நிற்கும், பில் கட்ட ஒருவர் ஓடியிருப்பார். முடிந்தால் முந்தின நாள் மாலையிலேயே உட்கார்ந்து பேசுங்கள். மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்களோ அவரும் கூட இருக்க வேண்டும். அது மருமகளாக இருக்கலாம், பேரனாக இருக்கலாம்.

1-0-1 என்பது நமக்கான மொழி. அவர்களுக்குக் "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று சொல்லுங்கள். எழுத்துத் தெரியாதவருக்குக் கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள். "சாப்பாட்டுக்கு முன்" என்பதிலும் கவனம் வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் காலையில் டீயோடு கிளம்பிவிடுவார், முதல் சாப்பாடே 11 மணிக்கு மேல்தான். அவருடைய சாப்பாட்டு நேரத்தைக் கேட்டுவிட்டு மாத்திரை நேரத்தைச் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி. பழைய மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டுமோ அதைப் பையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துக் காட்டுங்கள். புதியதைச் சொல்வதைவிட இது முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

கருவியாக இருந்தால் வாயால் சொல்லிக் காரியமில்லை. ஆஸ்துமாவுக்கு உறிஞ்ச வேண்டிய கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு "ஒண்ணும் கேக்கலைங்க" என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. நீங்கள் ஒரு முறை செய்து காட்டுங்கள், பிறகு அவர் செய்யட்டும், நீங்கள் பேசாமல் பாருங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் உறிஞ்சிய பின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதையும் செய்யவைத்தே காட்டுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைப்பார்கள் என்று கேளுங்கள். குப்பியைத் தண்ணீர் படாமல் ஒரு டப்பாவில் மூடி, அந்த டப்பாவை ஈர மண்பானையில் வைக்கலாம். ஃபிரிட்ஜ் இருந்தால் ஃபிரீசரில் வைக்கக் கூடாது என்று சொல்ல மறக்காதீர்கள்.

கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்காமல், "வீட்ல அண்ணன் கேட்டா எப்படிச் சொல்லுவீங்க, எனக்கு ஒரு தடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். எங்கே தடுக்குகிறதோ அதை மட்டும் மறுபடி சொல்லுங்கள்.

ஒவ்வாமையும் பக்க விளைவும் வந்தால்

புதுத் தடிப்பு, திடீர் மஞ்சள் காமாலை, காரணமில்லாமல் ஏறிய கிரியேட்டினின், இவற்றைப் பார்த்தால் கடந்த சில வாரங்களில் எந்த மருந்து புதிதாக வந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். ஆம்லோடிபைனால் வந்த கால் வீக்கத்துக்கு, சிறுநீரைக் கூட்டும் ஃப்ரூசமைடு எழுதியிருப்பதையும் இதே வழியில் கண்டுபிடிக்கலாம். கார்பமசெபைன், ஃபெனிட்டாயின், அலோபியூரினால், சல்ஃபா சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலோடு தோலும் வாயும் புண்ணானால் காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தாலே இந்தியாவின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிக்கை அனுப்பலாம், நிரூபணம் தேவையில்லை. 2010-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் தேசிய மையம் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தில் இருக்கிறது. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் அதன் கிளை மையம் உண்டு. கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளிக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுங்கள்: மருந்தின் ஜெனரிக் பெயர், என்ன ஆனது, எந்தத் தேதி. பர்ஸில் ஆதார் அட்டையோடு அது இருக்கட்டும்.

எழுதி வைப்பதும் ஒரு போனும்

நீங்கள் சொன்னது, டாக்டர் ஏற்றது, ஏற்காதது, எல்லாம் தேதியும் நேரமும் போட்டுப் பதிவாக வேண்டும். இரண்டு மூன்று வரி போதும். தவறு நடந்தால் அல்லது நடக்க இருந்து தப்பினால், மருத்துவமனையின் மருந்துத் தவறுப் படிவத்தில் யார் பெயரும் போடாமல் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். பெயர் போட்டு ஒருவர் திட்டு வாங்கினால் அடுத்த பத்துத் தவறு வெளியே வராது.

அப்புறம், சிக்கலான மருந்தோடு போனவர்களுக்கு மூன்றாம் நாள் ஒரு போன் போடுங்கள். ஐந்து நிமிடம்தான். "நல்லா இருக்கீங்களா?" என்பதோடு வைத்துவிடாமல், இன்று காலையில் என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேளுங்கள். "நீங்க சொன்ன மாத்திரை எங்க ஊர்க் கடைல இல்லைங்க, வேற கம்பெனி குடுத்தாங்க, அதே மருந்துதான்னு சொன்னாங்க" என்று பதில் வரும். அநேகமாக அதே மருந்தாகத்தான் இருக்கும். இருந்தாலும் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பின்பக்கம் தெரிய.